கேப்டன் அறையில் இருமல்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் சுகாதார நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி. இந்த ஆண்டுக்கான ஃப்ளூ தடுப்பூசி வந்துவிட்டது, குடும்பத்தோடு வரலாம் என்று. வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலேயே சனிக்கிழமைக்கு நேரம் பதிந்துவிட்டேன். அவருக்கு, எனக்கு, மூத்தது குட்டிக்கு, அவர் அப்பா மாமாவுக்கு. பொடியனுக்கு மட்டும் கிடையாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி போடமாட்டார்கள். அவனுக்கு இப்போதுதான் மூன்று முடிந்திருக்கிறது.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். பொடியனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "என்னை விட்டுடும்மா" என்றார்.

"ஏன் மாமா?"

"கேப்டன் போட்டுக்கிட்டான். போய்ச் சேர்ந்துட்டான்."

பேச்சு முடிந்தது. கேப்டன் பக்கத்து வீட்டக்காவின் கணவர். பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், மாமாவின் சீட்டாட்டக் கூட்டாளி. போன ஜனவரியில் ஃப்ளூ வந்து, நெஞ்சில் இறங்கி, ஒரே வாரத்தில் போய்விட்டார். மாமா தனியாக இருந்த இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஏப்ரலில். அதனால் அவரை நான் பார்த்ததே இல்லை.

நான் வேலைக்குப் போனால் மதியம் வரை பொடியனைப் பார்த்துக்கொள்வது மாமாதான். அதுதான் உறுத்துகிறது. ஊசி போட்டுக்கொள்ளாத எழுபத்தொரு வயதும், ஊசி போடவே முடியாத மூன்று மாதமும் காலை முழுக்க ஒரே நாற்காலியில்.

அக்டோபர் 18, சனி

போய் வந்தோம். மாமா காரை விட்டு இறங்கவில்லை.

நர்ஸம்மாவுக்குக் கட்டைக் குரல், ஆனால் கை லேசு. குட்டிக்கு நான்கு வயது, இதுவரை இந்த ஊசி போட்டதில்லை. அதனால் இந்த வருஷம் இரண்டு தவணை, நான்கு வாரம் இடைவெளி விட்டு. அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று போதும். மூக்கில் அடிக்கும் மருந்து போதுமே என்று கேட்டேன். "போன குளிர்ல மூச்சு வாங்கி நெபுலைசர் வச்சீங்கன்னு சொன்னீங்களே? அப்ப ஊசிதான் நல்லது" என்றாள். குட்டி அழவில்லை. கையைக் கொடுத்துவிட்டு ஊசி இறங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழாத குறை அவர்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற ஆள், பத்து மாடி உயரத்தில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனார். "எனக்கு அந்த மூக்கு மருந்து கிடைக்குமா சிஸ்டர்?" நர்ஸம்மா வயதைக் கேட்டாள், ஆஸ்துமா உண்டா என்று கேட்டாள், வீட்டில் யாராவது மாற்று உறுப்பு வைத்து எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாமல் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை. ஐம்பதுக்குள் என்பதால் தரலாமாம். மூக்கின் இரண்டு துவாரத்திலும் அடித்துக்கொண்டு வீரன் போல வெளியே வந்தார்.

பால் கொடுக்கிறேன் என்று நான் தயங்கினேன். "கொடுக்கறதாலதாம்மா போட்டுக்கணும். உங்க உடம்புல உண்டாகற எதிர்ப்புச் சக்தியில கொஞ்சம் பால் வழியா அவனுக்கும் போகும். சுத்தி இருக்கறவங்க எல்லாரும் போட்டுக்கறதுதான் இவனுக்கு ஊசி."

சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும். திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தேன். காரில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் என்றால் வீரியம் கூடிய ஊசி இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்றாள். முகத்தில் நம்பிக்கை இல்லை. இப்படிக் காரில் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருப்பாள் போல.

அக்டோபர் 19, ஞாயிறு

கை கனக்கிறது. காய்ச்சல் இல்லை. இதற்குத்தானா அத்தனை பயம்?

நவம்பர் 3, திங்கள்

நான் வேலை செய்கிற செவிப் பரிசோதனை நிலையத்தில் பாதி ஆட்கள் வரவில்லை. முன்பதிவு செய்தவர்கள் தொண்டை கட்டிய குரலில் கூப்பிட்டு, வரமுடியாது என்கிறார்கள். வந்தவர்களில் ஒரு பெரியவர். ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். நான் இன்னும் சத்தமே கொடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். இந்த வேலையில் இது சகஜம். காது எதையாவது எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால், இல்லாததும் கேட்கும். "தாத்தா, நான் இன்னும் ஆரம்பிக்கல" என்றேன். "அப்ப யாரு?" என்று கேட்டார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பக்கத்து வீட்டக்கா பெட்டியோடு நிற்கிறார். அறுபத்தைந்தைத் தாண்டினாலும் இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். தம்பி வீட்டுக்குப் போகிறாராம், குளிர்காலம் முடிந்துதான் வருவாராம். போன குளிர்காலத்தில் கேப்டனை இழந்த வீட்டில் இந்தக் குளிர்காலத்தையும் கழிக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. மாற்றுச் சாவியைக் கொடுத்தார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற.

"அக்கா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"அந்த இடத்துக்குள்ள என்னால போக முடியலம்மா" என்றார். பொடியனின் காலை மட்டும் தொட்டுவிட்டு லிஃப்டில் ஏறினார்.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பிட்டுவிட்டு, குழந்தைகள் அறையில் பொடியனைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். குட்டி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஆண் குரல். வயதானவர். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அதே போல.

குட்டி தலையைத் தூக்கவே இல்லை. கிரேயானைத் தேய்த்துக்கொண்டே, "தண்ணி குடிங்க" என்றது. நான் அதனிடம் சொல்கிற அதே தொனியில். சுவரைப் பார்த்து.

 பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி எங்கள் அடுக்களை ஆணியில்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார், நான் பின்னாலேயே. ஒருவரும் இல்லை. மூடிய வீட்டின் வாடை. எங்கள் சுவரை ஒட்டிய அறை கேப்டனுடையதாம். கட்டில்மேல் வெள்ளைத் துணி, மேசைமேல் சீட்டுக்கட்டு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. தூசியில் கால் தடம் எங்களுடையது மட்டும்தான். "குழாய்" என்றார் அவர். "இந்தக் கட்டடத்துல மூணாவது மாடியில தும்மினா ஏழாவது மாடியில கேக்கும். லிஃப்ட் ஓடற குழி வழியா சத்தம் எப்படி ஏறும்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கும் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். குழாயில் வருகிற சத்தம் உள்ளீடற்று ஒலிக்கும். இது அப்படி இல்லை. இது ஓர் அறைக்குள் எழுந்த சத்தம்.

நவம்பர் 11, செவ்வாய்

கூட வேலை செய்கிறவளிடம் என் காதைச் சோதிக்கச் சொன்னேன். "உனக்கென்னடி, பொடியன் கத்தி காது போச்சா?" என்று கேலி செய்தாள். ஒலிபுகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குள் நம் ரத்தம் ஓடுவதே நமக்குக் கேட்கும். எல்லா அதிர்வெண்ணிலும் காது சரி. ஒரு தடவைகூட நான் வெறுமனே அழுத்தவில்லையாம். "தங்கக் காது" என்றாள்.

தப்பு என்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 15, சனி

குட்டிக்கு இரண்டாவது தவணை முடிந்தது. மாமா இந்த முறை காரில்கூட வரவில்லை.

திரும்பி வந்தபோது மாமா குழந்தைகள் அறையில், சுவருக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். கையில் பால் புட்டி. பொடியன் தொட்டிலில் சிணுங்குகிறான், அவருக்குக் காதில் விழவில்லை.

"மாமா?"

"கேட்டியா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு எனக்குக் கேட்கவே இல்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது.

"முதல்ல ரெண்டு. அப்புறம் ஒண்ணு நீட்டி. அப்புறம் செருமுவான். சீட்டைக் கலைச்சுப் போடறப்ப எல்லாம் இதே இருமல்தான். 'உன் இருமலைக் கேட்டே உன் கையில என்ன சீட்டு இருக்குன்னு சொல்லிடுவேன்டா'ன்னு சொல்வேன்." கொஞ்சம் நிறுத்தி, "அது கேப்டன்மா" என்றார்.

நான் கேட்ட இருமலை மாமாவிடம் இப்படி விவரமாகச் சொன்னதே இல்லை.

நவம்பர் 22, சனி

மாமா தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார். ஐந்து செடிக்கு ஒரு மணி நேரமா ஆகும்? இன்று பின்னால் போய்ப் பார்த்தேன். கேப்டன் அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். எதிரே கட்டில்மேலும் ஒரு கை சீட்டு பரப்பி வைத்திருந்தது.

வெட்கப்படவில்லை. "நான் இங்க வந்தா நின்னுடுதும்மா. அங்க போனா ஆரம்பிக்குது. பாவம், தனியா கிடக்கான்."

"பயமா இல்லையா மாமா?"

"தெரிஞ்சவன்தானே."

அவரிடம் சொன்னால், "அப்பாவுக்கு வயசாகுது, விட்டுடு" என்கிறார். எனக்கும் கேட்டதே, எனக்குமா வயதாகிறது? குட்டிக்குமா?

டிசம்பர் 1, திங்கள்

ஒரு வாரமாக மாமாவுக்கும் சத்தம் கேட்கவில்லையாம். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

டிசம்பர் 6, சனி

இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அவர் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார், மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்போது வந்தது. முன்பு போல இல்லை. விடாமல், மூச்சு வாங்க இடமே விடாமல், சுவரே அதிர்கிற மாதிரி. பொடியன் திடுக்கிட்டு அழ ஆரம்பித்தான். இந்த முறை அவருக்கும் கேட்டது. கல்லைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தார். 

மாமா செருப்புகூடப் போடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்ததும் சத்தம் பட்டென்று நின்றது. அடுத்த நிமிஷம் மாமாவின் குரல்: "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா!"

கேப்டன் அறையில் யாரும் இல்லை. வீட்டின் மறுகோடியில், பின்பக்கப் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், தரையில் பக்கத்து வீட்டக்கா. உடம்பு கொதிக்கிறது, உதடு நீலம். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். என்னை உள்ளே வராதே என்று கையால் தடுத்தார்.

தம்பி வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளூவாம். காய்ச்சல் தொடங்கியதும் அவர்களுக்குப் பாரம் வேண்டாம் என்று நேற்று மாலையே கிளம்பி வந்திருக்கிறார். எங்கள் கதவைத் தட்டவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடாயிற்றே என்று. பெட்டி கூடத்தில் நின்றது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முகமூடியை விலக்கி ஏதோ சொன்னார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். என் வேலையில் அந்தப் பழக்கம் உண்டு. "எப்படித் தெரிஞ்சுது?"

"இருமல் கேட்டுச்சுக்கா."

தலையை அசைத்தார், இல்லை என்று. "நேத்து ராத்திரியிலேருந்து எனக்கு மூச்சே ஏறல. எங்கேருந்து இருமறது?"

டிசம்பர் 7, ஞாயிறு

மாமா வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார்.

"மடியில போட்டுத் தூக்கிட்டேன். அவ மூச்சு என் மூஞ்சிலதான் பட்டுது. வந்தா ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சுடும். அதுவரைக்கும் பொடியன் இருக்கற வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்." பக்கத்து வீட்டுக் கதவிடுக்கு வழியாகத்தான் பேசினார். நேற்றிலிருந்து அங்கேயேதான். எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். கேப்டன் கட்டிலில்.

அவர் எவ்வளவோ கெஞ்சினார். மாமா கேட்கவில்லை. "ஊசி போடுன்னு நீங்க சொன்னப்ப நான் கேக்கல. இப்ப நான் சொல்றதை நீங்க கேளுங்க."

மாற்றுத் துணி, ஃபிளாஸ்க், போன் சார்ஜர், காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாம் வாசலில் வைத்துவிட்டு வந்தோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். பரிசோதனையில் ஃப்ளூதான். இந்த வயதுக்குக் காத்திருக்கக் கூடாது என்று உடனே மாத்திரை தொடங்கிவிட்டார். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் கூப்பிடச் சொன்னார்.

நானும் அவரும் குட்டியும் நன்றாக இருக்கிறோம். பொடியன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அவன் சிரிக்கிறான்.

டிசம்பர் 10, புதன்

லீவு போட்டுவிட்டேன். குழந்தைகள் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சுவர் வழியாக மாமா இருமுவது கேட்கிறது. வறட்டு இருமல், கடைசியில் ஒரு முனகல். அது கேட்கும்போது கவலை, கேட்காதபோது அதைவிடக் கவலை.

இன்று பத்து மணி வாக்கில் மாமா இருமி ஓய்ந்தார். உடனே இன்னொன்று. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, செருமல்.

 அந்த அறையில் மாமா தனியாக இருக்கிறார். அக்கா ஆஸ்பத்திரியில். ஆனால் இங்கே இரண்டு பேர் இருமுகிறார்கள். ஒருவர் இருமினால் மற்றவர் பதில் சொல்வது போல. சீட்டு இறக்குவது போல, மாறி மாறி.

போனில் கூப்பிட்டேன். "மாமா, தனியாவா இருக்கீங்க?"

 "அதைக் கேக்காதேம்மா" என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம், குரல் கிசுகிசுப்பாகத்தான் வருகிறது. மாமாவுக்கும் வந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உன் மாமா ஏன் ஊசி போட்டுக்கலை?"

சொன்னேன். கேப்டன் போட்டுக்கொண்டும் போய்விட்டாரே, அதனால்தான் என்று.

மறுமுனையில் அழுகை. "அவர் போடவே இல்லம்மா. என்கூட வாசல் வரைக்கும் வந்தார். அங்கே வரிசையைப் பாத்துட்டுத் திரும்பிட்டார். உன் மாமா கேலி பண்ணுவாருன்னு போட்டாச்சு போட்டாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். புயல்ல படகு விட்டவர், ஊசிக்குப் பயந்தார்னு நான் எப்படிச் சொல்லுவேன்? செத்தவரைப் போய்க் காட்டிக் கொடுக்கறதா?"

என்ன சொல்றது? ஒரு வருஷமா ஒரு பொய்யைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே இந்த மனுஷன்! என் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு! யார் மேல கோபப்படறது? செத்தவர் மேலயா? ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிக்கிற பொம்பளை மேலயா?

சொல்வதா வேண்டாமா என்று மத்தியானம் வரை குழம்பினேன். பிறகு மாமாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.  மாமா சிரித்தார். காய்ச்சலில் கிடக்கிற மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. போனிலும் கேட்கிறது, சுவரிலும் கேட்கிறது. "திருட்டுப் பயலே!" என்றார். என்னிடம் இல்லை. போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, அறைக்குள் யாரிடமோ. "திருட்டுப் பயலே, பயந்தாங்கொள்ளி, என்கிட்டயா சொன்னே!"

அதற்குப் பிறகு சாயங்காலம் முழுக்க மாமாவின் இருமல் மட்டும்தான். மற்றது கப்சிப். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது போல ஓர் அமைதி.

டிசம்பர் 12, வெள்ளி

மூன்று மணிக்குக் குட்டி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது. "தாத்தா இருமல. அந்தத் தாத்தா மட்டும் இருமுறாங்க."

உண்மை. எப்போதிலிருந்து? பொடியனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே நான் கண்ணயர்ந்திருக்கிறேன். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. செருமவில்லை, திரும்பவும் உடனே. அவசரம் அவசரமாக. அன்றைக்குச் சனிக்கிழமை கேட்டது போலவே.

பொடியனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது.

மாமா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். கூப்பிட்டால் கண் திறக்கிறது, என்னைத் தெரியவில்லை. மூச்சு எண்ணி எண்ணி வருவது போல மெல்ல. நகமெல்லாம் நீலம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், வேலையிலிருந்த அவரைக் கூப்பிட்டேன். மாமாவை நிமிர்த்தித் தலையணை வைத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். "மாமா, என்னைப் பாருங்க. மாமா, பொடியன் தேடறான், பாருங்க." அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அப்போதுதான் கவனித்தேன். ஜன்னலோரம் கிடந்த நாற்காலி கட்டிலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. மாமாவின் முகத்துக்கு நேராக. நோயாளியைப் பார்க்க வந்தவர் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது போல. மாமாவுக்குத் தம்ளரைத் தூக்கக்கூடத் தெம்பில்லை, மேசைமேல் தண்ணீர் தொடாமலே இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்ததும் அந்த நாற்காலியை நகர்த்தத்தான் முதலில் கை வைத்தார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? யார் எழுந்துகொள்வதற்காக?

டிசம்பர் 13, சனி

ஆக்ஸிஜன். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

டிசம்பர் 17, புதன்

மாமா பேசினார். முதல் கேள்வி: "பொடியனுக்கு ஒண்ணுமில்லையே?"

ஒன்றுமில்லை மாமா. யாருக்கும் ஒன்றுமில்லை. குட்டிக்கு ஒரு நாள் லேசாக மூக்கு ஒழுகியது, அதுவும் ஃப்ளூ இல்லை.

என் கணவர் அந்த நாற்காலியை நீதான் நகர்த்தினாயா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.  அவர் கீழே போய்க் காரைத் துடைத்தார். நேற்றுத்தான் துடைத்திருந்தார்.

டிசம்பர் 26, வெள்ளி

மாமா வீடு திரும்பிவிட்டார். பாதி ஆள்தான் மிச்சம், சட்டை தொங்குகிறது. லிஃப்டிலிருந்து இறங்கி எங்கள் வாசலுக்கு வரும் முன் பக்கத்து வீட்டுக் கதவுமுன் நின்றார். உள்ளங்கையைக் கதவில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"ஆடினீங்களா மாமா, அங்க இருந்தப்ப?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"காய்ச்சல் ஏறற வரைக்கும் ஆடினோம்" என்றார். "அப்புறம் அவன் ஆடல. பாத்துக்கிட்டே இருந்தான்."

சுவரில் இப்போது எதுவும் கேட்பதில்லை. நான் கேட்கவும் முயலவில்லை.

ஜனவரி 17, சனி

பொடியனுக்கு ஆறு மாதம் நிரம்பிவிட்டது. எல்லோருமாகச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தேறிவிட்ட அக்காவும் வந்தார். வாசலில் கொஞ்சம் நின்றார். மாமா முழங்கையை நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டார். இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள்.

வந்துவிட்டுப் போன பிறகு எதற்கு ஊசி என்று மாமா கேட்டது நியாயமான கேள்விதான். நர்ஸம்மா சலிக்காமல் சொன்னாள். "ஃப்ளூ ஒரே வகை இல்ல. வந்தது ஒண்ணு, வரப்போறது வேறயா இருக்கலாம். சீசன் இன்னும் முடியல." வீரியம் கூடிய ஊசி மாமாவுக்கும் அக்காவுக்கும். பொடியனுக்குத் தொடையில். வீல் என்று ஒரு கத்தல், அவ்வளவுதான். மாமா வாங்கித் தோளில் போட்டதும் அடங்கிவிட்டான்.

ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. அக்கா மெதுவாகச் சொன்னார், வீட்டை விற்கப்போகிறாராம். தம்பி வரச் சொல்லிவிட்டாராம், இனி அங்கேதானாம். மாமா தலையசைத்தார்.

"அண்ணா, நீங்க அங்க படுத்திருந்தப்ப..." அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எதாவது சொன்னாரா?"

"பேசலம்மா. இருமினான், அவ்வளவுதான்."

 "அப்ப அவருக்கு இன்னும் சரியாகலை" என்றார் அக்கா.

 எதிர் வரிசையில் ஒரு குழந்தை ஊசி போட்ட கையைத் தன் பொம்மைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

"அவரைத் தனியா விட்டுட்டுப் போறேனேன்னு இருக்கு."

மாமா பொடியனின் முதுகைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "நான் பக்கத்துலதானே இருக்கேன். நீ போயிட்டு வாம்மா."

பொடியனுக்கு இரண்டாவது தவணை பிப்ரவரி 14. எனக்கு அன்று வேலை இருக்கிறது, அவருக்கும் லிஃப்ட் வேலை இருக்கிறது. மாமா கூட்டிப்போகிறேன் என்று தானாகவே சொல்லியிருக்கிறார்.